அம்பத்தூரில் மஞ்சள் போல்ட் காணாமல் போன கதை

போன பொங்கலுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா இறங்கியது. ஆவடியில் எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடும் பழக்கம் கிடையாது. டப்பா நிறைய போல்ட், நட், வாஷர். அதில் பாதி தேன் நிற மஞ்சள். வெளிச்சத்தில் சாய்த்தால் பச்சையும் சிவப்பும் ஓடும். மீதி வெள்ளை, லேசாக நீலம் கலந்த மாதிரி.

"ஏம்பா, இது ரெண்டும் வேற வேற கம்பெனி சரக்கா?" என்று கேட்டேன்.

"ஒரே கம்பெனிதான். எல்லாம் நாங்க போட்டது. மஞ்சள் பழசு. வெள்ளை, வெளிநாட்டுக்காரன் கண்டிஷன் போட்டதுக்கு அப்புறம் வந்தது" என்றார் அப்பா.

அந்தக் கண்டிஷன் என்ன, யார் போட்டது, ஏன் போட்டார்கள் என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. நான் மென்பொருள் எழுதுகிறவன். வேதியியலில் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படித்தது குறைவு. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா 1976-லிருந்து 2009 வரை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன பிளேட்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் வலது கையில், விரல் இடுக்குகளிலும் முட்டிகளிலும் நாலைந்து சின்னக் குழிகள் உண்டு. வட்டமாக, ஆணியால் துளைத்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் அம்மைத் தழும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அம்மை இல்லை. என் பி.இ. ஃபீஸ் அந்தப் பட்டறைச் சம்பளத்தில் கட்டியது. "ரசாயனப் பாதுகாப்பா, வேலைவாய்ப்பா" என்று டிவியில் விவாதம் நடக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆள்தான் தெரிகிறார்.

தொட்டிக்குள் என்ன இருந்தது

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அதற்கு முன்பே அந்தப் பக்கம் சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. பாடியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள், ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை. பெரிய ஆலை ஒன்று வந்தால் அதைச் சுற்றி நூறு சின்னப் பட்டறை வரும். லேத், பிரஸ், ஹீட் ட்ரீட்மென்ட், பவுடர் கோட்டிங், பிளேட்டிங். சைக்கிள் ஹேண்டில்பாரும் ரிம்மும் பளபளக்க வேண்டுமானால் குரோம் போட வேண்டும். போல்ட் துருப்பிடிக்காமல் இருக்க ஜிங்க் போட வேண்டும். ஜிங்க் மேல் ஒரு மெல்லிய காப்பு ஏற்ற வேண்டும். அதற்குப் பட்டறைப் பெயர் பாசிவேஷன். அந்த மஞ்சள், பாசிவேஷனின் நிறம்.

இரண்டு வேலைக்கும் பொதுவானது குரோமியம். குரோமியத்துக்கு இரண்டு முக்கியமான வடிவங்கள். ஒன்று குரோமியம்-3. தோல் பதனிடும் உப்பில் இருப்பது இதுதான், ஒப்பிட்டால் சாது. மற்றது குரோமியம்-6. குரோம் தொட்டியில் இருக்கும் குரோமிக் ஆசிட்டும், மஞ்சள் பாசிவேஷனுக்குப் போடும் டைகுரோமேட்டும் இந்த வகை. தண்ணீரில் நன்றாகக் கரையும், செல்லுக்குள் சுலபமாகப் புகும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது.

குரோம் தொட்டியில் ஒரு விசேஷம் உண்டு. கொடுக்கிற கரன்ட்டில் 10 முதல் 20 சதவீதம்தான் குரோம் படிவதற்குப் போகும். மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாகப் பொங்கும். ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து உடையும்போது ஆசிட்டைத் துளித்துளியாகக் காற்றில் வீசும். தொட்டி ஓரத்தில் நிற்கிறவன் அதைத்தான் மூச்சில் இழுக்கிறான். கையில் சின்னக் கீறல் இருந்தால் அதற்குள் போய் ஆசிட் உட்கார்ந்துகொள்ளும். அங்கே புண் குழிந்துகொண்டே போகும். கொடுமை என்னவென்றால் அது பெரும்பாலும் வலிக்காது. அதனால் யாரும் டாக்டரிடம் போகமாட்டார்கள்.

"எங்களுக்கு பாதுகாப்பு உபகரணம்னா வாசலின் டப்பாதான். காலைல மூக்குக்குள்ள தடவிக்கிட்டு தொட்டிகிட்ட போவோம்" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டே சொன்னார். நான் இதை அவருடைய பட்டறை வைத்தியம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு படித்தால், மூக்கின் நடுச்சுவர் அரிபடாமல் இருக்க இது உலகம் முழுக்க பிளேட்டிங்காரர்கள் செய்துவந்த வேலை.

1827, கிளாஸ்கோ

இந்தப் புண் நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. 1827-லேயே கிளாஸ்கோவில் வில்லியம் குமின் என்ற மருத்துவர், டைகுரோமேட்டைக் கையாளும் சாயத் தொழிலாளிகளின் கையில் வரும் இதே குழிப்புண்ணை எழுதி வைத்துவிட்டார். அப்பா வேலையில் சேர்ந்ததற்கு ஏறக்குறைய 150 வருஷம் முன்னால்.

அதே கிளாஸ்கோவை ஒட்டிய ரூதர்க்ளென்னில் ஜே. அண்ட் ஜே. ஒயிட் என்ற குரோமேட் ஆலை இருந்தது. அதன் முதலாளி ஓவர்டவுன் பிரபு. பெரிய தர்மவான், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஊருக்கே சொன்னவர். அவர் ஆலையில் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து 12 மணி நேர வேலை. தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி 1899-ல் இதைத் துண்டுப் பிரசுரங்களாக எழுதி வெளியிட்டார். அந்த ஆலைத் தொழிலாளிகளில் பலருக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை.

ஆலை 1960-களின் கடைசியில் மூடியது. அது கொட்டிய குரோம் கழிவு தென்கிழக்கு கிளாஸ்கோவின் பள்ளங்களையெல்லாம் நிரப்பியிருந்தது. சில வருஷம் முன்புகூட அங்கே ஓர் ஓடை பச்சை மஞ்சளாக ஓடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆலை கொடுத்த வேலையும் இல்லை, முதலாளியும் இல்லை. கழிவு மட்டும் இருக்கிறது. பில் இப்போது அரசுக்கு.

பிரிட்டன் 1931-ல் குரோம் பிளேட்டிங்குக்கென்றே தனி விதி போட்டது. நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களில் குரோம் புண்ணும் ஒன்றாக இருந்தது. அதன் கீழ் வந்த 1950-ஆம் வருஷத்து மாநில விதிகள் குரோமிக் ஆசிட் பிளேட்டிங்கை அபாயகரமான வேலை என்று வகைப்படுத்தின. காகிதத்தில் எல்லாம் இருந்தது.

ஆனால் அந்தச் சட்டப்படி, மின்சாரம் வைத்து நடக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. அப்பாவின் பட்டறையில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ஒன்பது பேருடா. எப்பவும் ஒன்பது பேருதான்."

சின்ன இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அதிகாரம் இருப்பது வேறு, கேட்டைத் திறந்துகொண்டு ஒரு ஆய்வாளர் வருவது வேறு. 33 வருஷத்தில் தன் கையை எந்த அரசு மருத்துவரும் பார்த்ததாக அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த 10-ஐ 20 ஆக்கியது. அபாயகரமான வேலை என்று அரசு அறிவித்தால் எண்ணிக்கை பார்க்கவேண்டாம் என்ற கதவையும் அதில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவைத் திறப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆவாரம் பட்டையிலிருந்து குரோமுக்கு

பூந்தமல்லியில் பஸ் ஏறி மேற்கே போனால், ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் கைகாட்டி, வாலாஜா தாண்டி ராணிப்பேட்டை. நூறு கிலோமீட்டர்கூட இருக்காது. குரோமியத்தின் தமிழ்நாட்டுக் கதைக்கு அதுதான் தலைநகரம்.

பழைய காலத்தில் நம் ஊர்த் தோல் ஆவாரம் பட்டையில் பதப்பட்டது. ஒரு தோல் பதப்பட வாரக்கணக்கில் ஆகும். குரோம் உப்பு போட்டால் ஒரே நாளில் வேலை முடியும். தோல் மெத்தென்று, சூடு தாங்குவதாக வரும். மதராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறையைக் கொண்டுவரப் பாடுபட்டார். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். ஆனாலும் 1960-கள் வரை நாம் பெரும்பாலும் பாதிப் பதம் செய்த தோலைத்தான் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தோம். ஷூ தைத்துக் காசு பார்த்தது ஐரோப்பா.

1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டி சொன்னது: பச்சைத் தோலையும் பாதிப் பதத் தோலையும் வெளியே விடாதே, முழுசாகப் பதப்படுத்தி, முடிந்தால் ஷூவாகவே தைத்து அனுப்பு. அரசும் அப்படியே ஏற்றுமதிக் கொள்கையை மாற்றியது. போட்டித்திறன், அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு என்று மூன்றுக்கும் நல்ல முடிவு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் வேலை பெருகியது உண்மை. ஷூ தைக்கும் வேலைக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

ஆனால் முழுப் பதம் என்றால் குரோம். தொட்டியில் போடும் குரோம் உப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும், மீதி கழிவுநீரில். வேலையோடு சேர்ந்து அழுக்கும் வெளிநாட்டிலிருந்து இங்கே குடிவந்தது. அந்தக் கணக்கைக் கொள்கை வகுத்தவர்கள் யாரும் போடவில்லை.

குரோம் உப்புக்குத் தேவை கூடியதால் 1970-களின் நடுவில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஏறக்குறைய அப்பா பட்டறையில் சேர்ந்த அதே சமயம். குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சூளையில் வறுத்துக் குரோமியம்-6 ஆக்கி, பிறகு அதைக் குறைத்துத் தோல் உப்பாக மாற்றுவது அங்கே நடந்த வேலை. கிளாஸ்கோவில் நடந்த அதே வேதியியல். ஆலை 1995-ல் மூடியது. வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோம் கழிவு திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக வடியும். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சொன்னது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009 குறியீட்டில் வேலூர் வட்டாரம் 81.79 மதிப்பெண்ணோடு நாட்டில் எட்டாவது. மூடி கால் நூற்றாண்டு ஆன பிறகும் குவியல் அங்கேயேதான் இருந்தது.

ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு தடைகள்

இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாக ஆரம்பித்தது.

1989 டிசம்பரில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தது. தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நம் ஆட்கள் போட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வரக்கூடாது. 1994-ல் இன்னொரு தடை: புற்றுநோய் உண்டாக்கும் அமைன்களாக உடையக்கூடிய அசோ சாயங்கள் துணியிலும் தோலிலும் இருக்கக்கூடாது.

"தொழில் அழிந்துவிடும், இது பாதுகாப்பு இல்லை, வியாபாரத் தடை" என்று அப்போது கிளம்பிய குரல்கள் நிறைய. நியாயமான பயம்தான், ஜெர்மனி பெரிய வாடிக்கையாளர். என்ன நடந்தது? அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனைக்கூடம் வைத்துச் சரக்கைப் பரிசோதித்துக் கொடுத்தது, மாற்று வழி சொல்லிக் கொடுத்தது. மாற்றுப் பூஞ்சைக்கொல்லிகள் சந்தையில் கிடைத்தன. இந்திய அரசும் 1997-ல் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை போட்டது. சில வருஷத்துக்குள் மாறிவிட்டார்கள். தோல் ஏற்றுமதி அழியவில்லை. சாயம் மாற்றியதால் ஆம்பூர் காலியாகிவிடவில்லை.

எப்படி இவ்வளவு சீக்கிரம்? சரக்கைச் சோதிக்கலாம், தேறாவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்பதுதான் காரணம். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் முதலாளிக்கு அன்றைக்கே தெரியும். எங்கள் தொழிலில் சொல்வதானால், ரிலீஸுக்கு முன் டெஸ்ட் கட்டாயம். ஃபெயில் ஆனால் பில்டு வெளியே போகாது.

ஆனால் அந்த டெஸ்ட் எதைப் பார்த்தது? ஷூவை. ஷூ போடுகிற ஜெர்மன்காரரின் காலை. பாலாற்றங்கரைக் கிணற்றை அது பார்க்கவில்லை.

1996 ஆகஸ்ட் 28

கிணற்றைப் பார்த்தது உச்ச நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-ல் போட்ட வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக மையம் கணக்கிட்டதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது, நாட்டின் பதப்படுத்திய தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் சுற்றுச்சூழலை அழிக்க அது உரிமை ஆகாது என்பது முடிவு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசு செய்தவரே செலவு ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு இரண்டும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அழுத்திச் சொன்ன தீர்ப்பு இது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம்.

ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்தப் பட்டியலில் செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டமும் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அப்போது அந்த மாவட்டம்தான். 1997-ல்தான் திருவள்ளூர் பிரிந்தது.

தீர்ப்பு ஆலைகளை நிரந்தரமாக மூடச் சொல்லவில்லை. சுத்திகரிப்பு வசதி செய், பிறகு நடத்து என்றது. தனித்தனியாகக் கட்ட முடியாத சின்ன ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொள்ள அப்போது ஒரு திட்டம் இருந்தது: மத்திய அரசு 25 சதவீதம், மாநில அரசு 25 சதவீதம், மீதி கடனும் ஆலைகளின் சொந்தப் பணமும். அதனால்தான் நூற்றுக்கணக்கான சின்னத் தோல் ஆலைகள் பிழைத்தன. நஷ்டஈட்டை முடிவு செய்யத் தனி ஆணையம் வந்தது; 2001-ல் சுமார் 29,000 பேருக்கு ஏறக்குறைய 27 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. பங்கிட்டுப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரத்துக்கும் கீழே. நிலத்தின் விலை அது.

கதை அங்கே முடியவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். ஒன்பது பேர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30-ல், அதே வேலூர் மாசுப் பிரச்சினையில், நஷ்டஈடு இன்னும் சேரவேண்டியவர்களுக்குச் சேரட்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போடவேண்டியிருந்தது. முதல் வழக்குக்கும் இதற்கும் 34 வருஷம்.

ஜெர்மன் தடைக்குச் சில வருஷம், பாலாற்றுக்கு 34 வருஷம். இரண்டும் ரசாயனக் கட்டுப்பாடுதான், அதே முதலாளிகள்தான், அதே ஆலைகள்தான். ஒன்றில் தவறினால் சரக்கு திரும்பி வரும். மற்றதில் தவறினால், கிணற்றை எடுத்துக்கொண்டுபோய் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

மறுபடி மஞ்சள் போல்ட்

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். மின்னணுப் பொருள்களில் குரோமியம்-6 இருக்கக்கூடாது என்ற ஐரோப்பிய விதி 2006 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. வாகனங்களுக்கு 2007 ஜூலை 1. மஞ்சள் பாசிவேஷன் படலத்தில் குரோமியம்-6 உண்டு. ஆகவே மஞ்சள் போல்ட் போட்ட உதிரிபாகத்தை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது. ஜெர்மன் கார் கம்பெனி தன் சப்ளையருக்கு எழுதியது, சப்ளையர் அம்பத்தூர் கம்பெனிக்கு எழுதியது, அது அப்பாவின் முதலாளிக்கு ஒரு பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசி வரியாக வந்து சேர்ந்தது. இனி குரோமியம்-3 பாசிவேஷன் மட்டும். அரசு அதிகாரி யாரும் வரவில்லை. நம் ஊர்ச் சட்டம் எதுவும் மாறவில்லை.

குரோமியம்-3 முறை கெடுபிடி அதிகம். கெமிக்கல் விலை கூட. பல வகைக்குக் கரைசலை 60 டிகிரிக்குச் சூடு பண்ணவேண்டும், அமிலத்தன்மையை இம்மி பிசகாமல் வைக்கவேண்டும். மஞ்சள் பாசிவேஷனில் அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அப்பா நிறத்தைப் பார்த்தே எடுத்துவிடுவார். முதலாளி புதுக் கெமிக்கல் வாங்கினார். ஹீட்டர் வாங்கினார். இரண்டு லாட் உப்பு நீர்ச் சோதனையில் வெள்ளைத் துரு பிடித்துத் திரும்பி வந்தது. மூன்றாவது லாட் தேறியது. டப்பாவில் இருக்கும் வெள்ளை போல்ட் அதுதான். அதற்குள் ஆர்டரில் பாதி ஒரு பெரிய ஆட்டோமேட்டிக் லைன் வைத்திருந்த இடத்துக்குப் போய்விட்டது. 2008 கடைசியில் உலகம் முழுக்க மந்தம். 2009 மார்ச்சில் பட்டறையை மூடினார்கள். ஒன்பது பேருக்கும் வேலை போனது. அப்பா முகப்பேரில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். சம்பளம் பாதி. நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

ஆகவே "பாதுகாப்பு விதியால் யாருக்கும் வேலை போகாது" என்று என்னால் எழுத முடியாது. என் வீட்டிலேயே போயிருக்கிறது.

ஆனால் இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அந்த ஐரோப்பிய விதி பட்டறையின் குரோம் தொட்டியைத் தொடவே இல்லை. அப்பாவின் கையைத் துளைத்த, மூக்கை எரித்த அந்தக் கருஞ்சிவப்புத் தொட்டி, பட்டறை மூடும் நாள்வரை பொங்கிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. குரோம் போட்ட ஹேண்டில்பாரின் மேல் இருப்பது உலோகக் குரோமியம். அதில் குரோமியம்-6 கிடையாது. தொட்டியில் என்ன இருந்தாலும் பொருள் டெஸ்ட்டில் பாஸ். விதி வாங்குகிறவனின் கைக்கு. செய்கிறவனின் கைக்கு இல்லை.

2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஐரோப்பாவுக்குள்ளேயே அனுமதி இல்லாமல் குரோமிக் ஆசிட்டைப் பயன்படுத்த முடியாது என்று ஆக்கினார்கள். அது அவர்கள் தொழிலாளிகளுக்கான விதி. வெளியிலிருந்து இறக்குமதியாகும் குரோம் போட்ட பொருளுக்கு அது பொருந்தாது. அங்கே இருக்கும் பிளேட்டிங்காரர்கள் "வேலை ஆசியாவுக்குப் போய்விடும்" என்று புலம்பினார்கள். ஆசியா என்றால் நாம்தான். வேலையோடு சேர்ந்து என்ன வரும் என்பதை 1970-களின் தோல் கதையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

யார் காசு

2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் எழுநூறுக்கு மேல் மூடின. நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை நிறைய சாயத் தண்ணீர் நின்று, பல வருஷ எச்சரிக்கைக்குப் பிறகு ஒரே நாளில் ஷட்டர் இறங்கியது. அந்த அடியைத் தாங்கியது பெரும்பாலும் தினக்கூலிக்காரர்கள். பிறகு அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது, கழிவுநீரைச் சொட்டு வெளியே விடாத முறைக்கு மாறினார்கள், ஊர் மீண்டது. அதே கடன் 15 வருஷம் முன்னாலேயே கொடுத்திருந்தால்?

இந்தக் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலை போனது விதி வந்ததால் மட்டும் இல்லை. ஒன்று, பல வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் நீதிமன்றம் ஷட்டரை இறக்கும்போது போகிறது. இல்லையென்றால், மாறுகிற செலவு முழுவதும் வரிசையின் கடைசி ஆள் தலையில் விழும்போது போகிறது. தோல்காரர்களுக்கு ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது, மானியம் இருந்தது, சங்கம் இருந்தது. ஒன்பது பேர் வேலை செய்த பட்டறைக்குப் பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசி வரி மட்டும்தான் இருந்தது. ஒரு பேட்டையில் பிளேட்டிங் பட்டறைகள் 30 இருந்தால் பொதுச் சோதனைக்கூடம் ஒன்று, கழிவுநீர் நிலையம் ஒன்று, மாறுவதற்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வேதியியலாளர். இது பெரிய கனவு இல்லை. வாணியம்பாடியில் 1990-களிலேயே செய்த காரியத்தின் சின்ன வடிவம். புதிய ரசாயன மேலாண்மை விதிகளுக்கு 2020 வாக்கில் மத்திய அரசு ஒரு வரைவு தயாரித்தது. அப்படி ஒன்று என்றைக்கு அமலுக்கு வந்தாலும், நான் முதலில் பார்க்கப்போவது அபராதப் பக்கத்தை அல்ல. ஒன்பது பேர் பட்டறைக்கு யார் உதவி செய்வார்கள் என்ற பக்கத்தைத்தான்.

எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கிளாஸ்கோ பிரபு கதையில் சிரித்தார். பட்டறை மூடிய இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கேட்டேன், "அந்தத் தொட்டிக்கு மேல காத்து உறிஞ்சுற எக்ஸாஸ்ட் வெச்சிருந்தா ஆயிருக்காதேப்பா, ஏன் வெக்கல?"

"விலை கேட்டாருடா. நான்தான் கூடப் போனேன், பாரிமுனைக்கு. பன்னெண்டாயிரம் சொன்னான். பெரிய காசு அப்போ. அந்த வருஷம் பஃபிங் மோட்டார் போயிடுச்சு, அதை வாங்கிட்டாரு. மோட்டார் இல்லேன்னா வேலை நிக்கும். எக்ஸாஸ்ட் இல்லேன்னா நிக்காதே."

எந்த வருஷம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நீ காலேஜ் சேர்ந்த வருஷம்" என்றார்.